பெரியம்மாவின் கன்னத்தில் பத்தொன்பது

பெரியம்மா டீயை ஆறவைத்துத்தான் குடிப்பார். மேலே ஏடு படிந்து, டம்ளர் கையில் சுடாமல் போன பிறகு ஒரே மடக்கில் விழுங்குவார். "அதுக்கு டீ எதுக்கு? குழாய்த் தண்ணிய குடிச்சிட்டுப் போயேன்" என்று பெரியப்பா வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். பெரியம்மா பதில் சொல்ல மாட்டார். வேலை விட்டு வந்ததும் பதில் சொல்லும் தெம்பு அவரிடம் இருந்ததில்லை. ஏன் அப்படிக் குடிக்கிறார் என்று நாங்களும் கேட்டதில்லை. கடைசியில் அதைக் கண்டுபிடித்தவர், எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு பஸ் டிரைவர்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. கீழ்வீட்டில் நாங்கள், மாடியில் அவரும் பெரியப்பாவும். பெரியப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாக ஜோக் சொல்லிக்கொண்டே வேலை பார்ப்பவர். பெரியம்மாவுக்கு லேபில் வேலை. ரத்தம், சளி என்று ஊரார் உடம்பிலிருந்து வருவதைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எண்ணி எழுத வேண்டும். இருபத்தாறு வருடமாக அதே மேஜை, அதே ஸ்டூல். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. அதன் கீழே நான்காக மடித்த பழைய ரிப்போர்ட் ஒன்று எப்போதும் கிடக்கும். அறையில் இருந்த ஒரே ஜன்னலை, ஃப்ரிட்ஜ் வைக்க வேண்டும் என்று எப்போதோ அடைத்துவிட்டார்கள். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதைப் பெரியம்மா வருடக் கணக்கில் சொல்ல மாட்டார். "இன்னும் ஒரு பதினெட்டாயிரம் ஸ்லைடு" என்பார்.

நான் பள்ளியை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருந்த வருடம் அது. பெரியம்மாவின் மதியச் சாப்பாட்டை லேபுக்குக் கொண்டுபோவது என் பொறுப்பாயிற்று. அதனால் இதில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியைப் பெரியம்மா சொன்னார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, துண்டு துண்டாகச் சொன்னார்.

அவருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. மெஷின் காட்டுவதை அப்படியே நம்ப மாட்டார். காலையில் லேபைத் திறந்ததும் முதலில் தன் விரலில் குத்தி, தன் ரத்தத்தை ஓட்டிப் பார்ப்பார். தன் ரத்தத்தின் அளவு அவருக்கு மனப்பாடம். அது கூடக் குறையக் காட்டினால் மெஷினில் கோளாறு. "நான்தான் இந்த லேபுக்குத் தராசு" என்று சொல்வார். அவர் சிரித்துக்கொண்டே சொல்லும் வாக்கியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இருபத்தாறு வருடத்தில் அந்தத் தராசு பிசகியதில்லை. அதனால்தான் இந்தத் தப்பு நடந்தது.

ஊருக்குப் புதிதாக ஒரு தோல் டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். முகத்தில் பருவும் எரிச்சலுமாக வருகிறவர்களுக்கு ஒரு புதுப் பரிசோதனை கேட்டு லேபுக்கு அனுப்பினார். நம் முகத்தில், முடி முளைக்கிற குழிகளுக்குள், கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் குடியிருக்கின்றன. அரிசிக் குருணைக்கு வால் முளைத்த மாதிரி உடம்பு, தலைப் பக்கம் எட்டுக் குட்டைக் கால்கள். வளர்ந்த மனிதர் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். கொஞ்சமாக இருந்தால் தொந்தரவு இல்லை. கூட்டம் பெருத்தால் முகம் சிவந்து, காந்தி, பருப் பருவாகக் கிளம்பலாம். எனவே எண்ண வேண்டும்.

எண்ணும் விதம் இதுதான். ஸ்லைடின் மேல் ஒரு சென்டிமீட்டர் சதுரம் வரைந்துகொள்வது. அதில் ஒரு சொட்டுப் பசை. அறுந்த செருப்பை ஒட்டுவோமே, அந்த வகைப் பசை. அதைக் கன்னத்தில் வைத்து அழுத்தி ஒரு நிமிடம் பிடிப்பது. அந்த ஒரு நிமிடம் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. பிறகு மெதுவாக உரித்தால், குழிக்குள் இருந்ததும் சேர்ந்து வந்துவிடும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் எண்ணிவிடலாம்.

சதுரத்துக்கு ஐந்துக்கு மேல் போனால் அதிகம் என்று டாக்டர் கொடுத்த தாளில் எழுதியிருந்தது. பெரியம்மா தாளை நம்பவில்லை. எந்த ஊர்க் குளிரில் யார் முகத்தில் எண்ணினார்களோ! இங்கே வெயில், வியர்வை, எண்ணெய்ச் சருமம். தராசு என்று ஒன்று கையோடு இருக்கும்போது தாள் எதற்கு? தன் கன்னத்திலேயே ஸ்லைடை ஒட்டி உரித்து எண்ணினார். பத்தொன்பது இருந்தது. ஆக, இங்கே இருபது வரை சாதாரணம் என்று முடிவுகட்டினார். ரிப்போர்ட் படிவத்தில் எண்ணிக்கை எழுத இடமே இல்லை. 'இயல்பு', 'அதிகம்' என்று இரண்டு கட்டங்கள்தான். எட்டு மாதத்தில் நாற்பத்தேழு பேரின் முகத்தை எண்ணினார். மூன்று பேரைத் தவிர எல்லோருக்கும் 'இயல்பு' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

டிரைவர் வந்தது ஒரு திங்கட்கிழமை மதியம். நான் சாப்பாட்டுப் பையை மேஜையில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கறுத்த, பெரிய உடம்பு. மூக்கு தடித்து வீங்கியிருந்தது. கன்னம் முழுக்கக் கருஞ்சிவப்பில் சின்னச் சின்னப் பருக்கள், கண் இரண்டும் கலங்கிச் சிவந்திருந்தன. குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அவர் அதைக் கவனித்தார்.

"ரெண்டு தடவ கன்னத்த குடுத்தாச்சு மேடம். ரெண்டு தடவயும் இயல்புனு எழுதிட்டீங்க. நல்லா பாத்துதான் எழுதினீங்களா?"

"பாக்காம எழுத நான் என்ன ஜோசியமா சொல்றேன்?" என்றார் பெரியம்மா, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கோச்சுக்காதீங்க. வெள்ளிக்கிழமை எனக்கு விசாரணை. தண்ணி போட்டுட்டு வண்டி ஓட்டறேன்னு பாசஞ்சருங்க எழுதிக் குடுத்துட்டாங்க. ஊதச் சொன்னாங்க, ஊதினேன். மெஷின்ல ஒண்ணும் வரல. அதுக்கு என்ன சொல்றாங்க தெரியுமா? இவன் விவரமானவன், ஊதறதுக்கு முன்னாடி எதையோ மென்னுடறான்றாங்க. இருபது வருஷம் ஓட்டினவன், இப்ப டெப்போல டயர் கழுவிட்டு இருக்கேன். தோல் வியாதின்னு டாக்டர் எழுதிக் குடுத்தா தப்பிச்சேன். அவங்க உங்க ரிப்போர்ட்ட பாத்துட்டு, இது அது இல்ல போலிருக்கேங்கறாங்க. என் பொண்ணே கிட்ட வந்து மோந்து பாக்குது மேடம்."

பெரியம்மா நிமிர்ந்தார். ரிப்போர்ட்டில் இடமில்லாவிட்டாலும் எண்ணிக்கையைத் தன் நோட்டில் பென்சிலால் குறித்து வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. நோட்டைப் புரட்டினார்.

"முதல் தடவ பதினாலு. ரெண்டாவது தடவ பதினாறு. இருபதுக்கு உள்ளதான் இருக்கு. எழுதினது எழுதினதுதான்."

அந்த நேரம் பார்த்து டீ வந்தது. பெரியம்மா பழக்கப்படி டம்ளரை மின்விசிறிக்குக் கீழே தள்ளி வைத்தார். புறங்கையால் கன்னத்தை ஒத்திக்கொண்டார். டிரைவர் டம்ளரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களும் ஆறவச்சுத்தான் குடிப்பீங்களா?"

"அதுக்கென்ன இப்போ?"

"சூடா உள்ள போனா மூஞ்சில தீ வச்ச மாதிரி இருக்கும். அதான? புறங்கையாலதான் ஒத்திக்க முடியும், உள்ளங்கை சூடு ஆகாது. சாயங்காலம் ஆனா கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும். அஞ்சு நிமிஷம் வெயில்ல நின்னா அன்னைக்குப் பொழுது போச்சு."

"இது பொம்பளைங்களுக்கு இந்த வயசுல வர சூடு."

"அப்ப எனக்கு எதுக்கு வருது?"

டிரைவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். பெரியம்மா சாப்பாட்டைத் தொடவில்லை. டீ ஆறி, ஏடு கட்டி, ஓரத்தில் ஒட்டிப் போனது. அதையும் குடிக்கவில்லை. "நீ வீட்டுக்குப் போ" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஒரு பெட்டி ஸ்லைடும் பசைக் குப்பியுமாக வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எல்லாரும் வரிசையா உக்காருங்க. கன்னம் வேணும்."

"கன்னமா? இத்தன வருஷம் கழிச்சா?" என்றார் பெரியப்பா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வாய மூடுங்க. மூஞ்சில உண்ணி இருக்கான்னு பாக்கணும்."

"உண்ணி நாய்க்குத்தானே வரும்?"

"எல்லார் மூஞ்சிலயும் இருக்கும். பொறந்த குழந்தைக்கு மட்டும்தான் கிடையாது."

"அடப்பாவிங்களா, வாடகை குடுக்காம இத்தன நாளா என் மூஞ்சில குடியிருக்கானுங்களா?"

அம்மா, அப்பா, பெரியப்பா, நான், அடுத்த வீட்டு டீச்சர் என்று ஐந்து பேர் கன்னத்தில் கண்ணாடியை ஒட்டிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தோம். ஒரு நிமிடம் சிரிக்கக் கூடாது என்றால் எங்கிருந்துதான் சிரிப்பு வருமோ! பெரியப்பா கண்ணை உருட்டியே அம்மாவைச் சிரிக்க வைத்து ஒரு ஸ்லைடைக் கெடுத்தார். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் யாருடையது என்று எழுதினார். கடைசியாகத் தனக்கும் ஒன்று ஒட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை லேப் திறந்ததும் எண்ணினார். எனக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு ஒன்று. டீச்சருக்கும் ஒன்று. அப்பாவுக்கு இரண்டு. ஐம்பத்தெட்டு வயது பெரியப்பாவுக்கே நாலுதான். பெரியம்மாவுக்கு இருபத்துமூன்று.

தாள் சரிதான். கோளாறு தராசில் இருந்தது.

பென்சில் நோட்டை எடுத்து ஐந்துக்கு மேலே போனவர்களின் பெயரையெல்லாம் வட்டமிட்டார். 'இயல்பு' என்று அனுப்பியதில் இருபத்திரண்டு பேர் அப்படித் தேறினார்கள். நேராக முதலாளியின் அறைக்குப் போனார். முதலாளி கெட்டவர் இல்லை. பெரியம்மாவைவிட வயதில் சின்னவர். அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

"இருபத்திரண்டு ரிப்போர்ட்ட திருப்பி எழுதறதா? அக்கா, என்ன பேசறீங்க? இந்த ஊர்ல நம்ம ரிப்போர்ட்டுனா யாரும் மறுபேச்சு பேசறதில்ல. ஒண்ணு தப்புன்னா, போன வருஷம் எடுத்த சர்க்கரையும் தப்பா இருக்குமோம்பான். இனிமே அஞ்சுன்னு வச்சுக்குங்க. போனது போகட்டும்."

"அந்த டிரைவருக்கு வெள்ளிக்கிழமை விசாரணை."

"அவரை மறுபடி வரச் சொல்லுங்க. புதுசா எடுத்து, புதுசா எழுதுங்க. முடிஞ்சது கதை. பழச எதுக்குக் கிளறணும்?"

"ரெண்டு தடவ இயல்பு, விசாரணைக்கு மூணு நாள் முன்னாடி அதிகம்னா எவன் நம்புவான்? ரிப்போர்ட்டையே வாங்கிட்டு வந்துட்டான்னு சொல்லுவான். பழசு தப்புன்னு எழுதினாத்தான் புதுசு நிக்கும். எழுதினவ நான். நானே எழுதித் தரேன்."

"கையெழுத்து உங்களோடதுதான். ஆனா அதுக்கப்புறம் எந்த ரிப்போர்ட்லயும் நான் உங்க கையெழுத்த வாங்க முடியாதுக்கா. யோசிச்சுக்குங்க."

பெரியம்மா யோசித்தார். என்னிடம் சொன்னபோது, "பத்து நிமிஷம் பாத்ரூம்ல நின்னு யோசிச்சேன்" என்றார். வேலை போனால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லையாம். ஸ்டூலின் குட்டைக் கால்தான் நினைவுக்கு வந்ததாம். அதன் கீழே கிடந்த ரிப்போர்ட்டில் யார் பெயர் இருக்கிறது என்று இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லையே என்று தோன்றியதாம்.

புதன்கிழமை பெரியம்மா நோட்டோடு தோல் டாக்டரிடம் போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரும் களைத்துப் போய்த்தான் இருந்தார். வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள்.

"நானும் எண்ணிக்கைய கேட்டிருக்கணும். டிக்க மட்டும் பாத்துட்டு விட்டுட்டேன்" என்றார். பிறகு பெரியம்மாவின் முகத்தை விளக்கடியில் திருப்பினார். "என்ன தடவறீங்க?"

"ஒண்ணும் இல்ல. ஒரு க்ரீம்தான்."

"எந்த க்ரீம்?"

பெரியம்மா கைப்பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்தார். வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கட்டைவிரல் அளவுக்கு ஆகியிருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் கழுத்தில் வந்த படைக்காக மருந்துக் கடையில் கொடுத்த க்ரீம்; தீரத் தீர அதையே வாங்கிக்கொண்டிருந்தார். படை போன பிறகு முகத்தில் தடவிப் பார்த்தார். முகம் பளிச்சென்று ஆனது. எல்லோரும் புகழ்ந்தார்கள். ஒருநாள் தடவாவிட்டாலும் காந்தியது, அதனால் விடவே இல்லை. லேபுக்கு வருகிறவர்களிடம், டாக்டரைக் கேட்காமல் எதையும் பூசாதீர்கள் என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. பளபளப்பு தரும், ஆனா தோலோட காவல குறைச்சிடும். காவல் இல்லாத வீட்ல உண்ணி பெருகும். எல்லாத்துக்கும் உண்ணிதான் காரணம்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது. தோல் கெட்டதால அது பெருகுதா, அது பெருகினதால தோல் கெடுதான்னு இன்னும் முடிவாகல. ஆனா அத குறைச்சா நிறைய பேருக்கு முகம் அடங்குது. இந்த ட்யூப இன்னையோட விடணும். விட்டா ரெண்டு மூணு மாசம் இதவிட மோசமா ஆகும். தாங்கிக்கணும்."

"எவ்வளவு மோசமா?"

டாக்டர் குனிந்து மருந்துச்சீட்டு எழுத ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை டிரைவரின் கன்னத்தில் புதிதாக எடுத்ததில் பதினைந்து வந்தது. பழைய இரண்டு ரிப்போர்ட்டும் தவறு, தவறு என்னுடையது என்று பெரியம்மா தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். டாக்டர் அதோடு ஒரு கடிதம் வைத்தார். வெள்ளிக்கிழமை விசாரணையில் டிரைவரைக் குற்றமற்றவர் என்று உடனே சொல்லிவிடவில்லை. ஆறு வாரம் மருந்து போட்டுக்கொண்டு வா, பார்க்கலாம் என்றார்கள். அதுவரை டயர்தான்.

பெரியம்மாவை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்கூடத்தில், வருகிறவர்களிடம் ரத்தம் எடுத்து, கன்னத்தில் ஸ்லைடு ஒட்டி உள்ளே அனுப்பும் வேலை. உள்ளே ஒரு புதுப் பெண் எண்ணினாள். இப்போது எண்ணிக்கையையும் எழுதுகிறார்கள். படிவத்தில் ஒரு கட்டம் கூடியிருந்தது.

க்ரீமை விட்ட நாலாம் நாள் பெரியம்மாவின் முகம் வெடித்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. வீங்கி, தடித்து, சீழ்ப் பருக்களாக, கண் இடுங்கிப் போனது. தலையணை உறை பட்டாலே எரிந்தது. அம்மா அழுதார். "லீவு போட்டுட்டு வீட்ல இரு அக்கா" என்று கெஞ்சினார். பெரியப்பா ஜோக் சொல்வதை நிறுத்திவிட்டு, மெல்லிய துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து பிழிந்து கொடுத்தார். அவர் கை கிரீஸ் வாடையடிக்கும். அதற்காக மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவார்.

பெரியம்மா லீவு போடவில்லை. தினமும் அந்த முகத்தோடு முன்கூடத்தில் உட்கார்ந்தார். மதியம் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு, நோட்டில் வட்டமிட்ட பெயர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தார். "உங்க ரிப்போர்ட் தப்பும்மா. ஆமா, என் தப்புதான். டாக்டர போய்ப் பாருங்க." எல்லா அழைப்பிலும் ஒரே குரல், ஒரே வார்த்தைகள். டிரைவரைத் தவிர இருபத்தொரு பேர். நாலு பேரின் எண் மாறியிருந்தது. ஆறு பேர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். துணிக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண், முகத்தைப் பார்த்துத் தன்னை விற்பனையிலிருந்து மூட்டை பிரிக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, போனை வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாளாம். பெரியம்மாவும் வைக்கவில்லை. பதினொரு பேர் டாக்டரிடம் திரும்பிப் போனார்கள்.

ஏழாவது வாரம் நான் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது அந்த டிரைவரைப் பார்த்தேன். பழைய நெடுந்தூர வண்டி இல்லை. ஊருக்குள் ஓடும் சின்ன வண்டி. மூக்கு தடித்துத்தான் இருந்தது, ஆனால் கண் தெளிந்திருந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. முன் இருக்கைக்காரர் அவர் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் போய் உட்கார்ந்தார். டிரைவர் கண்ணாடியில் அதைப் பார்த்தார். வண்டியை எடுத்தார்.

அன்று மதியம் பெரியம்மாவிடம் அதைச் சொன்னேன். "ஓட்டறாரா?" என்று கேட்டார். "ஓட்டறார்" என்றேன். கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். சந்தோஷமாகத் தெரியவில்லை. மூட்டையைக் கீழே இறக்கியவர் நிற்பது போல இருந்தது.

அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார். கைப்பையை மார்போடு அணைத்த ஒரு அம்மா, கன்னத்தைத் துணியால் மறைத்திருந்தார். பெரியம்மாவின் முகம் அப்போதும் பாதிதான் ஆறியிருந்தது. அந்த அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க மூஞ்சியே இந்த லட்சணத்துல இருக்கு. நீங்களா என் மூஞ்சிய பாக்கப் போறீங்க?"

"நான் பாக்கறதில்லம்மா. உள்ள ஒரு பொண்ணு பாக்குது. நான் ஒட்டி எடுக்கறதோட சரி" என்றார் பெரியம்மா. பசைக் குப்பியின் மூடியைத் திருகினார். "அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். மூஞ்சிக்கு என்ன தடவறீங்க?"

"ஒண்ணும் இல்ல. ஒரு க்ரீம்தான்."

பெரியம்மாவின் கை நின்றது. குப்பியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "அந்த ட்யூப கொஞ்சம் எடுங்க" என்றார். பெரியம்மாவின் டீ மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது.